ஓ அஸார் பல்தசார்: கழுதையின் கதையைப் பார்க்க உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வருடத்துக்கு ஒரு தடவையாவது யாரையாவது பிடித்து உட்கார வைத்து இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். பாதியில் எழுந்து காபி போடப் போனவர்கள் உண்டு, திரும்பி வராதவர்களும் உண்டு. முடிந்தபின் பத்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு. கேள்விகள் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதேதான். அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்; முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை இது.

முதலில், இது என்ன படம்?

1966-இல் வந்த பிரெஞ்சுப் படம். இயக்கியவர் ரொபேர் பிரெஸ்ஸோன். கறுப்பு வெள்ளை, 95 நிமிடம். ஒளிப்பதிவு கிஸ்லேன் க்ளோக்கே. பிரெஸ்ஸோன் 1901-இல் பிறந்து 1999 வரை வாழ்ந்தவர், ஓவியராகத் தொடங்கியவர். அவ்வளவு நீண்ட வாழ்க்கையில் எடுத்த முழுநீளப் படங்கள் 13-தான்.

தலைப்பில் எதுகை இருக்கிறது: அஸார், பல்தசார். "விதி விட்ட வழியில் பல்தசார்" என்று சொல்லலாம். தெற்கு பிரான்சில் லே போ என்ற ஊரை ஆண்ட பிரபுக்கள், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் ஒருவரான பல்தசாரின் வம்சம் தாங்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். அவர்களுடைய குலவாக்கியத்திலிருந்து எடுத்த தலைப்பு இது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று பொம்மைகள் வைப்பார்களே, அதே பல்தசார். இங்கே அந்த ராஜாவின் பெயரைக் கழுதைக்கு வைத்திருக்கிறார்கள்.

கதை என்ன?

ஒரு கழுதை பிறக்கிறது, கைமாறிக் கைமாறி உழைக்கிறது, சாகிறது.

அதன் கூடவே மரீ என்ற பெண்ணின் கதையும் நடக்கிறது. சிறுவயதில் மரீயும் ழாக் என்ற பையனும் அந்தக் குட்டிக் கழுதைக்குப் பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். ழாக்கின் தங்கை நோயாளி. அவள் இறந்துபோக, அவன் குடும்பம் ஊரைவிட்டுப் போகிறது. வருடங்கள் ஓடுகின்றன. கழுதை லாடம் அடிக்கப்பட்டு வண்டி இழுக்கிறது, ஒருநாள் வண்டி கவிழ, தப்பித்து ஓடி மரீயிடம் வந்து நிற்கிறது. மரீயின் அப்பா பள்ளி ஆசிரியர். ழாக்கின் அப்பாவுடைய நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். கணக்கில் கை வைத்துவிட்டார் என்று ஊர் பேசுகிறது. ரசீதைக் காட்டினால் முடிந்துபோகிற விஷயம். என்னிடம் ரசீது கேட்பதா என்ற ரோஷத்தில் அவர் காட்ட மறுக்க, குடும்பம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிறது.

கழுதை ரொட்டிக் கடைக்குப் போகிறது. அங்கே ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை ஜெரார் என்ற இளைஞனுக்கு. தேவாலயத்தில் பாடகர் குழுவில் நின்று அழகாகப் பாடுகிறவன் அவன்தான், கழுதை வாலில் செய்தித்தாளைக் கட்டி நெருப்பு வைக்கிறவனும் அவன்தான். மரீ போய் விழுவது இவனிடம். பிறகு கழுதையை ஆர்னோல்ட் என்ற குடிகாரர் எடுத்துக்கொள்கிறார். நடுவில் ஒரு சர்க்கஸ். அப்புறம் ஒரு கருமித் தானிய வியாபாரி. கடைசியில் மறுபடி மரீயின் வீடு. ஜெராரும் அவன் கூட்டாளிகளும் மரீயை அடித்து, ஆடையைப் பறித்து விட்டுப் போகிறார்கள். அவள் போய்விட்டாள் என்கிறாள் அம்மா. எங்கே என்று நமக்குத் தெரியாது. அப்பா இறக்கிறார். இரவில் ஜெரார் கழுதையைத் திருடி, கடத்தல் பொருளை ஏற்றி எல்லை மலைக்குக் கொண்டுபோகிறான். சுங்கக் காவலர்கள் சுடுகிறார்கள். பையன்கள் ஓடிவிடுகிறார்கள், குண்டு கழுதையின் மேல். விடிகிறது. ஆட்டு மந்தை ஒன்று வந்து சூழ்ந்துகொள்ள, அதன் நடுவில் பல்தசார் சாகிறது.

இவ்வளவு நடக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். படம் மெதுவானது இல்லை என்று நினைக்கிறேன். ஒரு மரணம், இடப்பெயர்வு, அவதூறு, வழக்கு, காதல், குடிகார ஆர்னோல்டுக்குத் திடீர்ப் பரம்பரைச் சொத்து, உடனே அவர் மரணம், வன்முறை, கடத்தல், துப்பாக்கிச் சூடு. இதையெல்லாம் நம் தொலைக்காட்சித் தொடர்க்காரர்களிடம் கொடுத்தால் இரண்டு வருடம் ஓட்டுவார்கள். பிரெஸ்ஸோனுக்கு 95 நிமிடம் போதும். ஷாட்டுகளும் நீளமானவை அல்ல. கையில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

ஆரம்பத்திலேயே ஒரு உதாரணம். குட்டிக் கழுதையைப் பார்த்த பிள்ளைகள், எங்களுக்கு இது வேண்டும் என்று அப்பாவிடம் அடம் பிடிக்கிறார்கள். முடியவே முடியாது என்கிறார் அவர். அடுத்த ஷாட்டில் கழுதையோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்! கெஞ்சல், அழுகை, அப்பா மனம் இளகுவது, விலை பேசுவது, எதுவும் கிடையாது. வேறு ஒருவர் ஐந்து நிமிடம் செலவழிக்கிற இடத்தை இவர் ஒரு வெட்டில் தாண்டிவிட்டார்.

அப்படியானால் சோர்வு எங்கிருந்து வருகிறது? ஒரு காட்சியைப் பார்க்கும்போது இதற்கு நான் என்ன உணர வேண்டும் என்று நாம் முகங்களைப் பார்த்துக் கேட்கிறோம். இசையைப் பார்த்துக் கேட்கிறோம். இரண்டும் பதில் சொல்வதில்லை. அழ வேண்டிய முகம் அழவில்லை, வயலினும் வரவில்லை. அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிற நேரத்தைத்தான் "மெதுவு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். காத்திருப்பதை நிறுத்திப் பாருங்கள், படம் ஓடும். சில இடங்களில் கூடவே ஓட முடியாத அளவுக்கு.

முதல் இருபது நிமிடத்தில் யார் யார் என்றே புரியவில்லையே?

புரியாது. எனக்கும் புரியவில்லை. யாரையும் அறிமுகப்படுத்துகிற பழக்கம் இந்தப் படத்துக்கு இல்லை. ஆர்னோல்டும் வேறு சிலரும் ஏற்கெனவே தெரிந்தவர்கள் மாதிரி உள்ளே வருகிறார்கள். ஊரில் ஒரு கொலை நடந்ததாகப் பேச்சு வருகிறது, காவல் நிலையத்துக்குக் கூப்பிடுகிறார்கள், அது என்ன ஆயிற்று என்று கடைசிவரை தெளிவாகாது.

ஒரு கழுதைக்கு எவ்வளவு தெரிய வருமோ அவ்வளவுதான் நமக்கும் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். யாரோ வருகிறார்கள், கயிறு கைமாறுகிறது, சத்தம் போடுகிறார்கள், புதுத் தொழுவம். மனிதர்களுடைய வழக்கும் கணக்கும் அதன் காதுக்கு எட்டுகிற அளவில்தான் நம் காதுக்கும் எட்டுகின்றன. (கழுதை இல்லாத காட்சிகளும் படத்தில் இருக்கின்றன, ஆகவே இது விதி என்று சொல்லவில்லை, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, அவ்வளவே.) மேலே கதைச்சுருக்கத்தை விரிவாகக் கொடுத்ததற்கும் காரணம் இதுதான்.

நடிகர்கள் ஏன் கட்டை மாதிரி நிற்கிறார்கள்? நடிக்கத் தெரியாதவர்களா?

தெரியாதவர்கள்தான். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த தெரியாதவர்கள். பிரெஸ்ஸோன் அவர்களை நடிகர்கள் என்று சொல்லவே மாட்டார்; ஓவியர் முன்னால் உட்காருகிறவர்களைச் சொல்வதுபோல "மாடல்" என்பார். ஒரே வசனத்தை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். அர்த்தம் கொடுத்துப் பேச வேண்டும் என்ற எண்ணமே ஆளிடமிருந்து வடிந்து போகும்வரை. நாம் வாய்ப்பாடு ஒப்பிப்போமே, அந்தக் குரல் வந்த பிறகுதான் அவருக்குத் திருப்தி. இந்த முறையைப் பற்றிய தன் குறிப்புகளை 1975-இல் ஒரு சிறிய புத்தகமாகவும் வெளியிட்டார்.

சிவாஜி கணேசனின் ஒரு புருவத்தில் ஒன்பது ரசத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தண்டனை மாதிரி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. முகம் தானே அழுது முடித்துவிட்டால் பார்க்கிறவருக்கு மிச்சம் இல்லை. வெறுமையான முகமோ முன்னாலும் பின்னாலும் வருகிற ஷாட்டுகளிலிருந்து நிறம் வாங்கிக்கொள்கிறது. மரீயாக வருகிற ஆன் வியாஸெம்ஸ்கியின் முகத்தைப் படம் முடிந்தபின் நினைத்துப் பாருங்கள். பயந்த முகம், ஏங்கிய முகம், வெறுத்துப்போன முகம் என்றெல்லாம் ஞாபகம் வரும். திரும்பப் போட்டுப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே முகம்தான்.

தானிய வியாபாரியாக வருகிறவர் பியேர் க்ளோசோவ்ஸ்கி. எழுத்தாளர், தத்துவம் எழுதியவர், ஓவியர் பால்த்யூஸின் அண்ணன். அவரும் இதில் ஒரு மாடல்தான். ஆர்னோல்டாக வந்த ழான்-குளோத் கில்பேர் மட்டும் அடுத்த ஆண்டு பிரெஸ்ஸோனின் அடுத்த படத்திலும் வந்தார். ஒருமுறை பயன்படுத்தியவரை மறுமுறை கூப்பிடாத பிரெஸ்ஸோனுக்கு அது அபூர்வம்.

கழுதை நடிக்கிறதா?

இல்லை. அவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த மாடல் அதுதான். பழக்கப்படாத கழுதைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். சர்க்கஸில் பெருக்கல் கணக்குக்குக் குளம்பைத் தட்டிப் பதில் சொல்கிற காட்சி ஒன்று இருக்கிறது. அதற்கு மட்டும் பழக்க வேண்டியிருந்தது.

கழுதை முகத்தில் என்ன தெரியும்? பெரிய கண், நீண்ட காது, ஈரமான மூக்கு. சோகம் என்று நினைத்தால் சோகம், பொறுமை என்றால் பொறுமை. பார்க்கிற நாம்தான் போட்டு நிரப்புகிறோம். மனிதர்களிடம் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்து வரவழைத்ததைக் கழுதை பிறவியிலேயே கொண்டுவந்துவிட்டது.

முகத்தை விட்டுவிட்டு ஏன் கை, கால், கதவு, வாளி என்றே காட்டிக்கொண்டிருக்கிறார்?

செயலைச் செய்வது கை என்பதால். பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தினார். கண் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒத்த பார்வை அது. விரிந்த நிலக்காட்சியோ திணறடிக்கும் க்ளோஸ்-அப்போ இல்லாமல், பக்கத்தில் நிற்கிற ஆள் பார்க்கிற தூரம்.

இரவில் மரப்பெஞ்சில் மரீ உட்கார்ந்திருக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் அவள் பெயரையும் ழாக்கின் பெயரையும் செதுக்கிய அதே பெஞ்ச். கழுதைக்குப் பூ வைத்து அலங்கரித்துவிட்டு வந்து உட்காருகிறாள். இருட்டில் ஜெரார் மறைந்திருக்கிறான். பெஞ்சின் மேல் அவள் கை. இன்னொரு கை வருகிறது. தொடுகிறது. அவள் எழுந்து வீட்டுக்குள் ஓடுகிறாள். பிறகு பையன்கள் பூ வைத்த கழுதையை உதைத்து அடிக்கிறார்கள். அவள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள், தடுக்க வரவில்லை. காதல், பயம், ஆசை, துரோகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு கைகளும் ஒரு சாளரமும். முதல் தடவை பார்த்தபோது இந்தக் காட்சியை நான் கவனிக்கவே இல்லை. சப்டைட்டிலில் அடுத்த வரி எப்போது வரும் என்று திரையின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரீ ஏன் ஜெரார் மாதிரி ஒருவனிடம் போகிறாள்?

படம் சொல்வதில்லை. மரீயின் அம்மாவே இதைக் கேட்கிறாள். ஒருவரை ஏன் நேசிக்கிறோம் என்று யாருக்குத் தெரியும், அவன் வா என்றால் வருவேன், இதைச் செய் என்றால் செய்வேன் என்கிற பொருளில் மரீ பதில் சொல்கிறாள். இதைவிட அதிகமாக எழுதியிருந்தால் பொய்யாகப் போயிருக்கும் என்பது என் கட்சி.

இதில் எனக்கு முழுச் சமாதானம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுதையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகிறார்கள். இருவரும் கைமாறுகிறார்கள், இருவரும் அடி வாங்குகிறார்கள். கழுதைக்குப் பேச வாயில்லை என்பதால் அதன் மௌனம் பொருந்துகிறது. பேசத் தெரிந்த பெண்ணின் மௌனம் அதே எடையில் நிற்குமா? மழை இரவில் நனைந்து வந்து கருமி வியாபாரி வீட்டில் ஜாமை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே அவரோடு பேசுகிற காட்சியில்தான் மரீ முழு மனுஷியாக நிமிர்கிறாள். பசி, கோபம், கேலி எல்லாம் அங்கே இருக்கிறது. அந்த மாதிரி இன்னும் இரண்டு காட்சி இருந்திருக்கலாம்.

அந்த நடிகை பிறகு என்ன ஆனார்?

ஆன் வியாஸெம்ஸ்கிக்கு அப்போது வயது 18, இதுதான் முதல் படம். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பிரான்ஸ்வா மோரியாக்கின் பேத்தி. 1967-இல் பிரெஞ்சு இயக்குநர் கோதாரை மணந்தார், அவர் படங்களில் நடித்தார், பின்னாளில் நாவலாசிரியர் ஆனார், 2017-இல் இறந்தார். இந்தப் படப்பிடிப்பு நாட்களை 2007-இல் புத்தகமாக எழுதியிருக்கிறார். அறுபது வயதைத் தாண்டிய இயக்குநர் தன்னை எந்நேரமும் அருகிலேயே வைத்துக்கொள்ள நினைத்ததையும், அந்த நெருக்கத்தைத் தான் தள்ளிவைக்க வேண்டியிருந்ததையும் அதில் பேசுகிறார். மேதைமையின் பேரில் இதை மூடிவைக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. படத்தில் வரும் அந்தக் கையை மறுபடி பார்க்கும்போது இதுவும் ஞாபகம் வருகிறது.

ஒலியைக் கவனி என்கிறார்களே, எதைக் கவனிப்பது?

படத்தின் பெயர்கள் ஓடும்போது பியானோ. இசையமைப்பாளர் ஷூபர்ட் பியானோவுக்கு எழுதிய ஏ மேஜர் சொனாட்டா (அவர் படைப்புகளின் பட்டியலில் டி. 959), அதன் இரண்டாம் பகுதி. 1828 செப்டம்பரில் ஷூபர்ட் அதை முடித்தார், நவம்பரில் இறந்துபோனார், வயது 31. அந்த இசை போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு கழுதை கத்துகிறது. காள் காள் என்று, முழு மூச்சில், வெட்கமே இல்லாமல். பிறகு பியானோ விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

படம் முழுக்க இப்படித்தான் ஒலிகள் மோதிக்கொள்ளும். ஜெரார் கையில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. அதிலிருந்து அந்தக் காலத்து ஆட்டப்பாட்டு. (ழான் வீனர் போட்டது.) சங்கிலி இழுபடும் சத்தம், லாடம் தார்ச்சாலையில் படும் சத்தம், சாட்டை. ஆர்னோல்டுக்குச் சொத்து வந்ததற்காக மதுக்கடையில் விருந்து நடக்கும்போது ஜெரார் பாட்டில்களையும் கண்ணாடியையும் உடைத்துக்கொண்டே போகிறான். ஆடுகிறவர்கள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்சியைக் கேட்டுப் பாருங்கள், ஊரின் கதை முழுக்க அதில் இருக்கிறது.

சர்க்கஸில் கழுதை மிருகங்களைப் பார்த்துக்கொண்டே போகிறதே, அது எதற்கு?

வைக்கோல் வண்டி இழுத்துக்கொண்டு கூண்டுகளைத் தாண்டிப் போகிறது. புலி பார்க்கிறது, கழுதை பார்க்கிறது. பனிக்கரடி. குரங்கு. யானை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்வை, பதிலுக்கு ஒரு பார்வை. ஒரு சொல் இல்லை.

அவை என்ன பேசிக்கொண்டன என்று என் அக்கா மகள் கேட்டாள். நீ என்ன நினைக்கிறாய் என்றேன். "கழுதை, நீயாவது கூண்டுக்கு வெளியே இருக்கிறாய் என்று புலி சொல்லுது, வெளியே எங்கே இருக்கிறேன், வண்டியில் பூட்டியிருக்கிறார்களே என்று கழுதை சொல்லுது" என்றாள். இந்தக் காட்சியைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை.

கழுதைதான் இயேசு என்கிறார்களே, அப்படியா?

அடையாளங்கள் வேண்டிய அளவு கிடக்கின்றன. ஞானஸ்நானம், நாக்கில் வைக்கும் ஞானத்தின் உப்பு, தலையில் பூக்கிரீடம், ஊர்வலத்தில் புனிதப் பொருட்களைச் சுமப்பது, மற்றவர்களின் குற்றத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாவது, கடைசியில் செம்மறியாடுகள். ஜெரார் கழுதையை இரவல் கேட்டு வரும்போது, அது ஒரு புனிதர் என்று மரீயின் அம்மா சொல்லியே விடுகிறாள்.

பிரெஸ்ஸோன் தன் பேட்டியில் இரண்டு கோடுகளைச் சொன்னார். ஒன்று, கழுதையின் வாழ்வும் மனித வாழ்வு மாதிரியே: குழந்தைப் பருவத்தில் கொஞ்சல், பிறகு உழைப்பு, பிறகு திறமை வெளிப்படும் காலம், சாவுக்கு முன் ஒரு ஆன்மிகக் காலம். இன்னொன்று, கழுதை ஒவ்வொரு கையாகப் போகும்போது ஒவ்வொரு மனிதத் தீமையையும் சந்திக்கிறது: ரோஷம், பேராசை, குடி, கொடூரம். கழுதை என்ற யோசனைக்கு விதை தஸ்தயேவ்ஸ்கியின் "இடியட்" நாவல். நோயில் மந்தமாகிக் கிடந்த இளவரசன் மிஷ்கின், பாசெல் நகரச் சந்தையில் ஒரு கழுதை கத்துவதைக் கேட்டுத் தெளிவடைகிற இடம் அதில் உண்டு.

என் ஆலோசனை: முதல் தடவை இந்த அடையாளங்களைத் தேடாதீர்கள். விடுகதைக்கு விடை கண்டுபிடித்த சந்தோஷத்தில் கழுதை காணாமல் போய்விடும். பசிக்கும்போது தின்கிற, அடித்தால் ஓடுகிற, குளிரில் நடுங்குகிற ஒரு பிராணியாக அதைப் பார்த்தால் போதும்.

தூங்கிவிட்டேன். தவறா?

நானும் தூங்கியிருக்கிறேன். முதல் தடவை சர்க்கஸுக்கு முன்னால் கண் சொக்கி, ஆர்னோல்ட் கழுதை மேலிருந்து விழுந்து செத்தபிறகு விழித்தேன். இவர் எப்போது பணக்காரர் ஆனார் என்று ஒரே குழப்பம். மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து பார்த்தேன். அதில் ஒன்றும் பாவமில்லை.

மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். காலை நேரம் நல்லது. கைப்பேசியில் பார்க்காதீர்கள், அதில் அந்தக் கைகள் எறும்பு அளவில்தான் தெரியும். ஸ்பீக்கர் சுமாராக இருந்தால் ஹெட்போன் போடுங்கள். வசனம் குறைவு, வாக்கியங்களும் சின்னவை; சப்டைட்டிலை ஒரு ஓரக்கண்ணால் படித்துவிட்டு மேலே வந்துவிடலாம். 1.5 மடங்கு வேகத்தில் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். பார்க்கலாம், ஆனால் கழுதை நடக்கிற தாளம் போய்விடும், அதற்குப் பதில் கதைச்சுருக்கத்தையே படித்துவிடுங்கள், இன்னும் சீக்கிரம் முடியும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா? கழுதைப் படம்தானே?

வேண்டாம். மிருகத்தை அடிக்கிறார்கள், வாலில் தீ வைக்கிறார்கள், ஒரு பெண்ணை வன்கொடுமை செய்கிறார்கள். வன்முறையை நேராகக் காட்டாவிட்டாலும் அதற்குப் பிந்தைய காட்சி கனமானது. பதினாறு, பதினேழு வயதுக்கு மேல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பெரியவர்களிலும் மிருகம் துன்புறுவதைப் பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள்; அவர்களை வற்புறுத்தி உட்கார வைப்பதை நான் விட்டுவிட்டேன்.

பெரிய படம் என்று எல்லோரும் சொல்வதால் பிடித்த மாதிரி நடிக்க வேண்டுமா?

தேவையே இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் உலகம் முழுவதும் இதில் இருக்கிறது என்ற பொருளில் கோதார் சொன்னதை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அவருக்கு அப்படி இருந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று உங்களை யாராவது கேட்டால், இந்தப் படத்தின் கழுதைக்கு அது நன்றாகவே தெரியும் என்று சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் விலகினீர்கள் என்று மட்டும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்றுவரை ஒட்டாத இடம், அப்பாவின் ரோஷம். அத்தனை இழப்புக்கு அவ்வளவு சிறிய காரணமா என்று ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வருகிறது. என் சித்தப்பா ஒருவர் வரப்புத் தகராறில் பத்து வருடம் கோர்ட்டுக்கு நடந்ததை நினைத்துக்கொண்டு அடங்கிவிடுவேன்.

பிரெஸ்ஸோனின் வேறு படம் எதையாவது முதலில் பார்ப்பது சுலபமாக இருக்குமா?

இருக்கும். 1956-இல் எடுத்த சிறைதப்பும் படம். ஜெர்மானியர் பிடியில் இருந்த லியோன் நகரின் மோன்லூக் சிறையிலிருந்து 1943-இல் உண்மையாகவே தப்பிய ஆந்த்ரே தெவீஞியின் அனுபவத்தை வைத்து எடுத்தது. மரண தண்டனைக் கைதி தப்பிவிட்டான் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். ஆனாலும் நாற்காலி நுனியில் உட்கார வைக்கிறார். ஒரு கரண்டியைத் தீட்டிக் கதவுப் பலகையைச் சுரண்டுவதுதான் பாதிப் படம். கை, மரம், சத்தம், வெற்று முகம், எல்லாம் அதே இலக்கணம்தான். அங்கே நாயகனுக்கு ஒரு குறிக்கோள் இருப்பதால் பிடித்துக்கொள்வது சுலபம். பல்தசாருக்குக் குறிக்கோள் இல்லை.

கடைசிக் காட்சியில் அழுகை வரவில்லை. என்னிடம் ஏதும் குறையா?

இல்லை. எனக்கு முதல் தடவை வரவில்லை, இரண்டாம் தடவை வந்தது, மூன்றாம் தடவை மறுபடி வரவில்லை.

அந்தக் காட்சியில் நடப்பது இவ்வளவுதான். மலைச்சரிவு. முதுகில் இன்னும் கடத்தல் மூட்டை, உடம்பில் குண்டுக் காயம். தூரத்தில் மணிச்சத்தம். செம்மறியாடுகள் வருகின்றன, காவல்நாய்கள் கூட வருகின்றன. வெள்ளை மந்தை கறுத்த உடம்பைச் சுற்றி நிற்கிறது. பல்தசார் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஷூபர்ட் ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரம் போகிறது, நின்றுவிடுகிறது. இந்தத் தடவை அதைக் கத்தி நிறுத்தக் கழுதைக்கு மூச்சில்லை. ஆடுகள் மெல்ல விலகுகின்றன. கழுதை கிடக்கிறது. மணிகள் மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன.

இரண்டாம் முறை பார்ப்பதாக இருந்தால் எங்கே கவனிப்பது?

பெயர்கள் ஓடுகிற முதல் நிமிடத்தை. முதல் முறை பார்க்கிறவர்கள் கழுதை கத்தியதும் சிரித்துவிடுவார்கள், நானும் சிரித்தேன். படம் முடிந்த கையோடு எழுந்திருக்காமல் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் திரும்பப் போடுங்கள். நான் போட்டுக் காட்டியபோதெல்லாம் அறையில் யாரும் சிரித்ததில்லை. ஒரே ஒரு முறை, பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் "பாவம், அதுக்கும் பாடணும்னு இருக்கு" என்றார்.